கோப்பையை ஏந்தி வருபவன்

மேனாட்டு மதுச்சாலைகளில் பானம் கேட்டுப் பெறுவதற்கென்றே சில நடத்தை விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. விரலைச் சொடுக்கி அழைக்கலாகாது. காசுத் தாளை உயர்த்தி ஆட்டலாகாது. முறை வருமுன் குரல் கொடுக்கலாகாது. வேண்டியது யாதென முன்னரே தீர்மானித்துக்கொண்டு தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். எழுந்து போகையில் ஊற்றிக் கொடுத்தவனுக்கு ஏதேனும் வைத்துச் செல்லுதல் வேண்டும். இவ்விதிகளில் குற்றங்காண ஏதுமில்லை. விரல் சொடுக்குபவனை விடச் சொடுக்காதவன் மேலானவனே. எனினும் இவ்விதிகளின் உள்நோக்கத்தைச் சற்று ஊன்றிப் பார்ப்போமாயின், ஊற்றிக் கொடுப்பவனின் தயவை விரைவில் சம்பாதிக்கும் உபாயங்களாகவே அவற்றுட் பெரும்பாலானவை அமைந்திருப்பது புலனாகும். கேட்பவன் எவ்வாறு கேட்க வேண்டும் என்பதை அவை கூறுகின்றன. கொடுப்பவன் எவ்வாறு பேசலாம், எப்பொழுது மறுக்கலாம் என்பது பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

மது விலக்கப்பட்ட சமூகத்தாருக்கு இவ்விசாரணை எதற்கு என வாசகர் வினவக்கூடும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாய் நீண்டு செல்லும் எமது ஊர்களில் தவறணையின் இடத்தை வகிப்பது தேநீர்க்கடை. வயலிலிருந்து திரும்புபவனும், கரைவலை இழுத்து வந்தவனும், தறியை விட்டெழுந்த நெசவாளியும், பாடசாலை விட்டதும் அரசியல் பேச ஆள்தேடும் எம்போன்ற ஆசிரியரும் கூடுமிடம் அது. அங்கும் எழுதப்படாத ஒழுங்குகள் பல உண்டு. கேளாமலே தட்டு நிறையப் பணிசும் வடையும் ரொட்டியும் மேசைமீது வைக்கப்படும். உண்டதை எண்ணிக் காசு கொடுத்தாற் போதும். எண்ணிச் சொல்பவன் உண்டவன். அதை நம்புபவன் கடைக்காரன். இந்த நம்பிக்கையை நாம் உயர்ந்த நாகரிகமாகவே கருதுகின்றோம். பலர் சேர்ந்து குடித்த தேத்தண்ணிக்கு யார் காசு கொடுப்பது என்று எழும் வழக்கும் அத்தகையதே. “நான் தாறன் மச்சான், நீ பேசாம இரி” என்று ஒருவர் கையை மற்றவர் பிடித்துத் தடுக்கும் அந்தச் செல்லச் சண்டையில் கஞ்சத்தனம் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகின்றது. (சுவரில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என எழுதியிருப்பது வேறு விஷயம். அந்த வாக்கியத்தின் கீழ் அமர்ந்துதான் பலரும் கணக்கில் எழுதச் சொல்கின்றனர்.)

ஆயின் இத்தனை நாகரிகமும் வாங்கின்மேல் அமர்ந்திருப்போர் தமக்குள் நடத்திக்கொள்வதாகும். “டேய், ரெண்டு பிளேன்டீ”, “பொடியன், இஞ்சி போட்டு ஒண்டு” என்று அதே வாய் அடுத்த கணம் கூவுகின்றது. காசு கொடுக்க முந்திய அதே கை, மேசையைத் தட்டி அழைக்கின்றது. தன்னிலும் மூத்தவனைக் ‘காக்கா’ என்றும் இளையவனைத் ‘தம்பி’ என்றும் விளித்துப் பழகிய ஒரு சமூகம், கோப்பையை ஏந்தி வருபவனிடம் மட்டும் உறவுமுறையை மறந்துவிடுவதேன்? இவ்வினாவை நடத்தை நூல்களிடம் கேட்டுப் பயனில்லை. நமது இலக்கியத்திடம் கேட்பது தகும்.

சங்கச் சான்றோர் மதுவைப் பாடக் கூசியவரல்லர். பட்டினப்பாலையிலே கள் விற்கும் மனைகளின்மேற் கொடி அசைகின்றது. பொருநராற்றுப்படையிலே தேனும் கிழங்கும் கொண்டு வந்தவன் மீன்நெய்யும் நறவும் மாற்றிச் செல்கின்றான். அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபொழுது ஒளவையார் பாடிய கையறுநிலை, புறநானூற்றின் 235ஆம் பாட்டு, குடிக்கும் நாகரிகத்துக்குத் தமிழிலுள்ள மிகச் சிறந்த இலக்கணம் என்று நாம் துணிந்து கூறுவோம். கள் சிறிதளவே கிடைத்தால் அதனை முழுதும் பாடுவோர்க்கே கொடுத்துவிடுபவன் அவன். பெரிதாகக் கிடைத்தால் அவர்க்கு அளித்து, அவர் பாடத் தான் மகிழ்ந்து உண்பவன். பற்றாக்குறை வரும்போதே ஒருவனது பண்பு வெளிப்படும் என்ற நுட்பத்தை ஒளவை அளவின் வாயிலாகவே சொல்லிவிட்டார். வீரயுகத்துப் பாணரும் தலைவரும் கொண்டிருந்த உறவை ஆராய்ந்த பேராசிரியர் க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. ஈகையும் புகழும் கைமாறும் அவ்வுலகிலே பகிர்ந்துண்ணுதல் வெறும் உபசாரமன்று என்பதை அந்நூலைப் பயின்றோர் அறிவர்.

இனி 56ஆம் பாட்டுக்கு வருவோம். பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி, ஒளிவளை அணிந்த மகளிர் நாள்தோறும் ஊட்ட, அவன் மகிழ்ந்திருக்க வேண்டுமென்கின்றார். பொருநராற்றுப்படையிலும் கரிகாலன் அவையில் இனிய நகையுடைய மகளிர் பொற்கலம் நிறைய மீண்டும் மீண்டும் வார்க்கின்றனர். தேறலின் குளிர்ச்சியைப் புலவர் அறிவார், மணத்தை அறிவார், அது வந்த நாட்டையும் அறிவார். வார்த்துக் கொடுத்த பெண்களைப் பற்றி அவர் அறிந்தது வளையையும் நகையையும் மட்டுமே. அப்பெண்கள் யார், எங்கிருந்து வந்தனர், வேண்டாமென்று சொல்லும் உரிமை அவர்க்கு இருந்ததா? ஒளவையாரின் பாட்டிலே கொடுப்பவனும் பெறுபவரும் முகமுடையவராய் எதிரெதிரே இருக்கின்றனர். நக்கீரர் பாட்டிலே கொடுக்கும் கை மாத்திரம் தெரிகின்றது. இரண்டும் ஒரே தொகையில் இருப்பதாலே இரண்டையும் ஒரே பெருமிதத்தோடு மேடையில் ஒப்பிப்பதை நமது தமிழ்ப் பண்டிதர்கள் வழக்கமாக்கிக்கொண்டுள்ளனர். இவ்வேறுபாட்டைக் காட்டாத இலக்கியக் கல்வி மனனக் கல்வியே அன்றி வேறன்று.

வள்ளுவர் 93ஆம் அதிகாரத்திலே கள்ளுண்பவனைக் கடிந்துரைக்கின்றார். பொருள் கொடுத்து மறதியை வாங்கும் பேதைமையை எள்ளுகின்றார். அவர் பார்வை முழுதும் உண்பவன்மேலேயே குவிந்துள்ளது. அறநூலின் எல்லை அது. அதில் நாம் குறைகாண முற்படவில்லை.

எமது ஊர்களிலே பள்ளிவாசற் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு ஹதீஸை இங்கு நினைத்துப் பார்த்தல் பொருத்தமாகும். நபிகளாரிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. அவர் வலப்புறத்தில் ஒரு சிறுவனும் இடப்புறத்தில் முதியோரும் அமர்ந்திருந்தனர். தாம் அருந்திய பின், வலப்புறத்தவனுக்கே முறை என்பதால், முதியோருக்கு முதலில் கொடுக்க அனுமதிப்பாயா என்று அவர் அச்சிறுவனைக் கேட்டார். அவன் தனக்குரிய பங்கை எவருக்கும் விட்டுத்தர இயலாதென மறுத்தான். கோப்பை அவன் கையிலேயே கொடுக்கப்பட்டது. இதனை வலப்பக்கத்தின் சிறப்பை உணர்த்தும் செய்தியாகவே பிரசங்கிகள் பெரும்பாலும் விளக்கி விடுகின்றனர். எமக்கோ இதன் உயிர்நாடி வேறோரிடத்தில் இருப்பதாகப் படுகின்றது. அவையில் மிக இளையவன் ஒருவனிடம் அனுமதி கேட்கப்பட்டது. அவன் ‘இல்லை’ என்றான். அந்த இல்லை மதிக்கப்பட்டது. மக்களுக்கு நீர் வழங்குபவர் தாம் கடைசியில் அருந்துவார் என்ற இன்னொரு செய்தியையும் இதனுடன் சேர்த்துப் படித்தால், வழங்குதல் என்பது தாழ்ந்தவனின் ஊழியமாக அன்றித் தலைமையின் இலக்கணமாகவே அங்கு கருதப்பட்டது விளங்கும். விருந்துகளிலே ஒரே சகனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் சமத்துவத்தைப் பெருமையோடு பேசும் நாம், அந்தச் சகனைத் தூக்கி வந்தவன் எங்கே இருந்து உண்டான் என்று விசாரிப்பது அரிது.

யாழ்ப்பாணத்தின் கதை இதனிலும் கொடுமையானது. அதனாலேயே இலக்கியத்துக்கு இதனிலும் வளமாக உரமிட்டது. பனையேறிக் கள் இறக்குபவன் அங்கே தீண்டத்தகாதவனாக ஒதுக்கப்பட்டான். ஆயினும் அவன் இறக்கிய கள்ளை உயர்சாதியினர் குடிக்காது விட்டாரில்லை. பனையோலையிற் கோலிய பிளாவை ஏந்திக்கொண்டால், முட்டியிலிருந்து ஊற்றப்படும் கள்ளுக்குத் தீட்டில்லை. குடித்ததும் பிளாவை எறிந்துவிடலாம். அதே மனிதன் காசு கொடுத்துத் தேநீர் குடிக்கச் சந்திக்கு வந்தபோது, கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டான். போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ ஊற்றிக் கொடுக்கப்பட்டான். அவன் கையால் கொடுத்தது இனித்தது. அவன் கைபட்ட கிளாஸ் கசந்தது! சாதியின் தர்க்கம் எத்துணை வசதியானதென்பதற்குப் பிளாவையும் கிளாசையும் விடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. தமிழகத்துத் தேநீர்க்கடைகளில் வழங்கிய இரட்டைக் குவளை முறையும் இதே தர்க்கத்தின் மறுபதிப்பே.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தகைய ஒதுக்கலைக் குற்றமாக்கியது. சட்டம் புத்தகத்திலே இருந்தது. பேணி கடை வாசலிலே தொங்கியது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் தொடர்ச்சியாக 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமுமே, சங்காணை, நெல்லியடி முதலிய இடங்களிற் கடைக்கதவுகளைத் திறக்கச் செய்தன. அப்போராட்டத்தின் வடிவத்தை வாசகர் கவனித்தல் வேண்டும். இளைஞர் கடைக்குள் நுழைந்து, வாங்கில் அமர்ந்து, ஒரு தேநீர் கேட்டனர். அவ்வளவே. நடத்தை நூல்களின்படி அதில் பிழையான செயல் ஏதுமில்லை. அமைதியாக அமர்ந்து ஒரு பானம் கேட்பதே கலகமாகிவிடும் சமூகத்தில், நல்ல நடத்தை எனப்படுவது யாருடைய சொத்து?

அதே பத்தாண்டின் தொடக்கத்தில், 1960 பெப்ரவரி முதலாந் திகதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரிலே நான்கு கறுப்பின மாணவர் வூல்வொர்த் கடையின் உணவு மேடையில் அமர்ந்து கோப்பி கேட்டனர். நேர்த்தியாக உடுத்தியிருந்தனர், பணிவாகக் கேட்டனர், கோப்பி மறுக்கப்பட்டது. கடை மூடும்வரை அவர்கள் எழவில்லை. அடுத்த நாட்களில் அவர்களோடு அமர்ந்தோர் தொகை பெருகியது. ஜூலை மாதத்தில் அந்த மேடை எல்லோருக்குந் திறந்தது. சுன்னாகத்தாருக்கும் கிரீன்ஸ்பரோ மாணவர்க்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒரு கோப்பையைச் சுற்றியே இரு சமூகங்களின் ஏணிப்படிகள் கட்டப்பட்டிருந்தமையால், இருவரும் ஒரே இடத்தில் கைவைத்தனர்.

யாழ்ப்பாணத்துப் போராட்டத்தின் பின்னணியில் எழுந்ததே கே. டானியலின் ‘பஞ்சமர்’. 1972இல் வெளிவந்த அந்நாவலை, கலையமைதி குன்றியது, சம்பவங்களின் குவியல், பிரசாரம் என்று குறை கூறுவோர் உளர். அக்குறைகள் முற்றிலும் ஆதாரமற்றவை என்று நாம் வாதாட வரவில்லை. பல பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெருக்குவதை எவரும் காணலாம். ஆனால் தமிழ் நாவலிலே அதுவரை வாசலுக்கு வெளியே நின்று கையேந்தியவனின் கண்ணினூடாகக் கடையைப் பார்த்தவர் எத்தனை பேர்? டானியல் தம் மக்களுக்குப் பேச்சைக் கொடுத்தார். அதுவும் அவர்களுடைய பேச்சையே கொடுத்தார். ஊற்றுபவனும் ஒதுக்கப்பட்டவனும் வாய் திறக்கும்போது வாக்கியம் செப்பமிழக்குமென அஞ்சுவோர், நக்கீரரின் வளைக்கை மகளிரோடு திருப்தியடைந்து கொள்ளட்டும். யாழ்ப்பாணத்திற் சிகையலங்கரிப்புக் கடையொன்றிலிருந்து 1966இல் ‘மல்லிகை’ என்ற சஞ்சிகையைத் தொடங்கி நடத்திய டொமினிக் ஜீவாவும் இவ்வழியினரே. வாடிக்கையாளனின் தலைக்குப் பின்னால் நின்று தொழில் செய்தவனின் கண்ணுக்குச் சமூகம் வேறாகத் தெரிந்தது.

சமத்துவம் நிலவும்போது கடையில் என்ன மாறும் என்பதைக் கண்டு எழுதியவர் ஜோர்ஜ் ஓர்வெல். 1936 டிசம்பரிற் பார்சலோனாவுக்குச் சென்ற அவர், சிப்பந்திகள் வாடிக்கையாளரின் முகத்தை நேரே நோக்கிச் சமமானவராக நடத்தியதை 1938இல் வெளியான தம் நூலிலே வியந்து குறிக்கின்றார். பணிவுச் சொற்கள் மறைந்திருந்தன. மரியாதைப் பன்மை மறைந்திருந்தது. உயர்த்தி இயக்கும் பையனுக்குச் சில்லறை கொடுக்க முயன்றதற்காக ஹோட்டல் முகாமையாளரிடமே அவர் அறிவுரை கேட்க நேர்ந்தது. சில மாதங்களின் பின் மீண்டும் அந்நகருக்கு வந்தபோது, சிப்பந்திகளின் கஞ்சியிட்ட சட்டையும் கூனிக்குறுகலும் திரும்பிவிட்டிருந்தன. புரட்சி பின்வாங்கிக்கொண்டிருந்ததை அவர் அச்சட்டையிலே படித்தார். தமிழிலே நமக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. எவர் எவரை எப்படியில் நிறுத்துகின்றார் என்பதை ஒரு மணிநேரம் தேநீர்க்கடையில் அமர்ந்து குறித்துக்கொண்டால், வர்க்க உறவு பற்றிய ஒரு பாடநூலே கையில் கிடைத்துவிடும்.

இவையெல்லாம் தூரத்துக் கதைகள் என்பார்க்கு எமது மாவட்டத்திலேயே நிகழ்ந்ததொன்றைக் கூறுதல் வேண்டும். 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்திலே, உணவிற் கிடந்த ஒரு மாக்கட்டியைக் காட்டி, அது மலடாக்கும் மருந்து என்று வாடிக்கையாளர் சிலர் கூச்சலிட்டனர். கூட்டம் சூழ்ந்தது. கடையில் நின்றவரோ தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். சிங்களம் செவ்வையாக அறியாதவர். மருந்து போட்டாயா, போட்டாயா என்று மிரட்டிக் கேட்கப்பட்டபோது, அச்சத்தில் அவர் வாயிலிருந்து ஆம் என்னும் பொருள்பட ஒரு சொல் வந்தது. அதனைப் படம்பிடித்துக் கைத்தொலைபேசிகளிற் பரப்பினர். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். அவ்வாறு மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லையென மருத்துவரும் விளக்கினர். விளக்கம் வருமுன் கண்ணாடிகள் உடைந்துவிட்டிருந்தன. அடுத்த மாதத் தொடக்கத்தில் தீ கண்டி மாவட்டத்துத் திகனைக்கும் பரவியது.

அந்த நிகழ்ச்சியில் இனவாத அரசியலின் பங்கை எவரும் மறைக்க முடியாது. அதனைப் பலர் எழுதிவிட்டனர். நாம் இங்கு சுட்ட விரும்புவது அந்த ஒரு ‘ஆம்’ என்னும் சொல்லையே. பரிமாறுபவன் நாள் முழுதும் சொல்லிப் பழகிய சொல் அது. சீனி குறைவா? ஓம். சூடாக வேணுமா? ஓம். நேற்றுப் போட்ட வடையா இது, டேய்? ஓம், மாத்தித் தாறன். வாடிக்கையாளன் கேட்டால் ஒப்புக்கொள்வதே அவன் தொழிலுக்கு விதிக்கப்பட்ட நாகரிகம். மறுப்பதற்குரிய மொழியை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. மறுத்தால் கேட்கப்படும் என்ற நம்பிக்கையையும் எவரும் ஊட்டவில்லை. அன்று அவனைச் சூழ்ந்து நின்றோர் அந்தப் பழக்கத்தைத் தம் ஆயுதமாக்கினர். அவனுடைய மொழியில் அவனிடம் கேட்க ஒருவரேனும் அங்கு இருந்திருந்தால், அக்காட்சி வேறாயிருந்திருக்கும்.

அம்பாறைச் சம்பவத்துக்காக அன்று கொதித்தெழுந்த கடற்கரை ஊர்கள் தமது வாங்குகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். இந்த வாங்குகளில் எமது பெண்கள் அமர்வதில்லை. எம்மூரிலே தேநீர்க்கடை ஆண்களின் சபையாகவே நீடிக்கின்றது. 1985இலும் 1990இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவில் மற்றவர் அமர்ந்து ஒரு பிளேன்டீ குடிப்பதே அச்சத்துக்குரிய காரியமாயிற்று. பாண்டிருப்பும் மருதமுனையும், காரைதீவும் சாய்ந்தமருதும் வேலியோடு வேலியாக இருந்தும் அந்த அச்சம் வடியப் பல்லாண்டு சென்றது. ஊருக்கு ஊர் தேநீர்க்கடை இருந்தது. சேர்ந்திருந்து குடிக்கும் தேநீர் இல்லாதுபோயிற்று. இது தனியே எழுதப்பட வேண்டிய விஷயம்.

எமது பிரதேசச் சிறுகதைகளில் தேநீர்க்கடைக்குப் பஞ்சமில்லை. கதாநாயகன் நண்பனைச் சந்திக்கின்றான். கல்யாணப் பேச்சு நடக்கின்றது. தேர்தல் முடிவு வானொலியில் வருகின்றது. ‘தேநீர் வந்தது’ என்று கதாசிரியர் எழுதுகின்றார். தேநீர் தானாக நடந்து வருமோ? அந்த எழுவாயின் பின்னால் ஒரு மனிதன் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றான். அவன் கையிலே எத்தனை கோப்பைகள், எந்த மேசை முதலிற் கூப்பிட்டது, எவன் காசு கொடாது எழுந்து போனான் என்பன அவனுக்குத் தெரியும். அந்தக் கடையில் நடக்கும் எல்லாக் கதைகளையும் அரைகுறையாகக் கேட்டவன் அவன் ஒருவனே. ஒரு நாவலாசிரியனுக்கு இதனிலும் பொருத்தமான கதைசொல்லி கிடைப்பானா? அக்கோப்பையிலுள்ள சாயத்தைக் கிள்ளியெடுத்த மலையகப் பெண்ணைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் 1930களிலேயே கண்டுகொண்டார். கிள்ளியவள் கதைக்குள் வந்துவிட்டாள். கொண்டுவந்து வைப்பவன் இன்னும் திரைக்குப் பின்னாலேயே நிற்கின்றான்.

2021இலே சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. பதினாறு என்பது எமது மாணவர் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயது. பரீட்சை முடிந்த மறுவாரமே பின்வாங்கில் இருந்தோருட் சிலர் கொழும்புக்கும் வேறு நகரங்களுக்கும் ஹோட்டல் வேலைக்குப் புறப்பட்டுவிடுவதை ஆசிரியர் எவரும் அறிவர். அவர்கள் எமது வகுப்பில் எழுதிய கடைசிக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள்: ‘நான் ஒரு மருத்துவரானால்’, ‘மழை நாளொன்று’, ‘எமது ஊர்ச் சந்தை’. அச்சந்தையிலே தேநீர் குடித்து இளைப்பாறியதாக எழுதியவனுக்கு நாம் நல்ல புள்ளிகள் இட்டிருக்கின்றோம். அத்தேநீரை ஊற்றியதாக எழுதும் ஒரு தலைப்பை எந்தப் பாடநூலும் இதுவரை அவனுக்குக் கொடுத்ததில்லை; அடுத்த தவணைக்கு நாமே கொடுத்துப் பார்க்கலாம்.